சுவர் அடைகாத்த முட்டைகள்

பல்லி என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது பஞ்சாங்கம். தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன், கிழக்கே இருந்து சொன்னால் இன்னது, தெற்கே இருந்து சொன்னால் இன்னது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோவிலுக்குச் செல்வோர் அங்குள்ள பொற்பல்லியையும் வெள்ளிப்பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்புவதில்லை. எங்கள் தோட்டத்து லயங்களிலோ, பேச்சின் நடுவே பல்லி சொல்லிவிட்டால், வீட்டு அப்பாயி விரல் நுனியால் தரையை மூன்று தரம் தட்டி, "பாத்தியா, சத்தியம்!" என்று கூறிவிட்டுத்தான் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

இவ்வளவு மரியாதை செலுத்தும் நாம், அந்தப் பிராணி எங்கே முட்டையிடுகிறது, அம்முட்டையை அடைகாப்பது யார், எத்தனை நாளில் குஞ்சு வெளிவருகிறது என்று என்றைக்காவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதித்துச் சம்பளம் வாங்கிய நானே கேட்டதில்லை. இரத்தினபுரி மாவட்டத்தில், இரக்குவானைக்கு மேலே தேயிலை மலையின் இடுப்பில் இருக்கிறது எங்கள் பாடசாலை. அங்கே ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நாட்காலையில் என் மேசைமீது ஒரு நெருப்புப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அன்றுதான் என் அறியாமை எனக்குத் தெரிந்தது.

பெட்டிக்குள்ளே பஞ்சு. பஞ்சின்மேல் கொண்டைக்கடலை அளவில் வெள்ளை வெளேரென்று இரண்டு உருண்டைகள். ஒன்றின் பக்கவாட்டில் மயிரிழைபோல ஒரு கீறல்.

"பல்லி முட்டைங்க சேர். எங்க வீட்டு நிலையிலே ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. கத்தியாலே நெம்பி எடுத்தேன். இது பொரிக்குமா சேர்? பொரிச்சா நான் வளக்கணும்."

"வளர்ப்பதற்கு உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா, தம்பி?"

"நாய் வளக்க எங்க காம்பராவிலே எடமில்லீங்க சேர்."

அந்தப் பதிலுக்குப் பிறகு நான் என்ன சொல்ல இயலும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் ஏழு பேர் உறங்கும் குடும்பம் அது. சுவரிலும் கூரையிலும் மட்டுமே அங்கே இடம் மிச்சம். அந்த இடத்தில் வாழத்தக்க ஒரு செல்லப் பிராணியைத்தான் பையன் தேர்ந்தெடுத்திருந்தான். "பொரிக்க வைப்போம்" என்றேன். சொன்ன வேகத்தில், எனக்குத் தெரியாத ஒரு காரியத்தில் தெரிந்தவன்போல இறங்கிவிட்டேன்.

நாங்கள் கண்ட அடைகாத்தல் கோழியின் அடைகாத்தல் ஒன்றுதான். ஆகவே கோழியைப் பின்பற்றினோம். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் ஆற்றுமணலைப் பரப்பினோம். முட்டைகளைப் பாதியளவு மணலில் புதைத்தோம். உலர்ந்துவிடக் கூடாதென்று நாள்தோறும் தண்ணீர் தெளித்தோம். கோழி தன் அலகால் முட்டையைப் புரட்டிப் புரட்டி வைப்பதைப் பார்த்தவர்களல்லவா! காலையில் ஒருமுறை, பாடசாலை விடும்போது ஒருமுறை, பிள்ளைகள் முறைவைத்துப் புரட்டினார்கள். யார் முறை என்பதில் சண்டைகூட நடந்தது.

கீறல் விழுந்த முட்டை பத்தாம் நாளில் பூஞ்சணம் பூத்துக் கறுத்தது. மற்றொன்று வெண்மையாகவே இருந்தது. இரண்டு மாதம் கடந்தது. மூன்றாவது மாதமும் நடந்தது. கடைசியில் அதை ஊசியால் திறந்து பார்த்தோம். உள்ளே உருவான குஞ்சு. கறுப்புப் புள்ளியாய்க் கண், நூலிழையாய் வால், விரல்கள்கூடப் பிரிந்திருந்தன. பாதி வழி வந்து உயிரை விட்டிருந்தது.

பையன் அழவில்லை. "நான் எடுக்காம இருந்திருந்தா பொரிச்சிருக்கும், இல்லீங்களா சேர்?" என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

படித்தவற்றுள் முதற்பாடம் என்னைத் தலைகுனிய வைத்தது. கோழி முட்டையின் மஞ்சட்கருவை இருபுறமும் முறுக்கிய வடம்போன்ற இழைகள் தாங்கி நிற்கின்றன. முட்டை புரண்டாலும் கரு மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். புரட்டாவிட்டால்தான் அங்கே கேடு. பல்லி முட்டையில் அத்தகைய வடம் கிடையாது. இட்ட சில நாட்களுக்குள் கரு மேற்பக்கத்து உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு, அந்த இடத்திலேயே நிலைகொண்டு வளர்கிறது. பிறகு முட்டையைப் புரட்டினால் ஒட்டு அறுபடக்கூடும். கரு தன் உணவுப் பொதியின் கீழே அமுங்கிச் சாகவும் கூடும். பல்லி வளர்ப்போர் முட்டையை இடம் மாற்ற நேர்ந்தால், மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அப்புள்ளி மேலேயே இருக்கும்படி எடுத்துச் செல்கிறார்கள். நாங்களோ முறைவைத்துப் புரட்டினோம். அன்பினால் செய்தோம் என்பது உண்மை. அதற்காக அந்தக் குஞ்சு பிழைத்துவிடவில்லை.

இரண்டாவது பாடம் ஓட்டைப் பற்றியது. நம் வீட்டுப் பல்லி பெரும்பாலும் ஒரு முறைக்கு இரண்டு முட்டைகளே இடும். முட்டை முற்றிய பெண் பல்லி கண்ணாடிச் சன்னலில் ஏறும்போது அடிப்பக்கம் பாருங்கள். மெல்லிய தோலினூடே அவ்விரண்டும் வெண்ணிறமாய்த் தெரியும். சிலவற்றின் கழுத்தின் இருபுறமும் வெள்ளையாய் ஒரு வீக்கம் காணப்படும். நோயென்று எண்ண வேண்டாம். அது சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துவைக்கும் பை. முட்டைக்கு ஓடு கட்டுவதற்கான சேமிப்பு அது. இடும்போது ஓடு மிருதுவாகவும் பசைபோலவும் இருக்கிறது. காற்றுப் பட்டதும் இறுகிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இறுகிய ஓடு உள்ளிருக்கும் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. தண்ணீர் தெளிக்கத் தேவையே இல்லை. கத்தியால் நெம்பியதும், மணலில் நனைத்ததும், புரட்டியதும் ஆக மூன்று குற்றங்களை நாங்கள் வரிசையாகச் செய்திருந்தோம்.

மூன்றாவது பாடம் வெப்பம். பல்லிக்குத் தாய்ச்சூடு இல்லை. முட்டையை இட்டதோடு தாயின் கடமை முடிந்துவிடுகிறது. பிறகு சுவரின் சூடும் கூரையின் சூடும்தான் அடைகாக்கின்றன. இவ்விஷயத்தில் வெளிநாட்டில் செல்லமாக வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லி ஒரு விந்தை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய வறண்ட நிலங்களுக்குரிய அப்பல்லியின் முட்டை தோல்போல மிருதுவானது. ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது. அதை 26 பாகை செல்சியஸ் அளவில் வைத்தால் பொரிப்பவை ஏறக்குறைய எல்லாம் பெண்கள். 32, 33 பாகையில் பெரும்பான்மை ஆண்கள். இன்னும் உயர்த்தி 34, 35 என்றால் மறுபடியும் பெண்களே மிகுதி! ஆணா பெண்ணா என்பதை அங்கே வெப்பமானி தீர்மானிக்கிறது. எல்லாப் பல்லிகளுக்கும் இது பொது விதி அன்று.

இன்னொரு விந்தையும் உண்டு. இலங்கை உட்பட இந்து சமுத்திர, பசிபிக் தீவுகளில் காணப்படும் ஒரு சிறு பல்லியினத்தில் ஆணே தேவையில்லை. பெண்ணே தனித்து முட்டையிட்டுப் பெண்களைப் பெறுகிறது. இதை வகுப்பில் சொன்னபோது பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆனால் நம் வீட்டுப் பல்லிக்குத் துணை வேண்டும். சுவரிலிருந்து நாம் கேட்கும் அந்தக் குரலின் வேலைகளில் ஒன்று துணையை அழைப்பது. இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதுதான் வியப்பு. குறுந்தொகையின் 16ஆம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, சிவந்த காலுடைய பல்லி தன் துணையை அழைப்பதாகவே கூறுகிறார். அவ்வோசை, வழிப்பறிக் கள்வர் அம்பின் முனையை நகத்தால் புரட்டிப் பார்க்கும் ஓசையை ஒத்திருக்கிறதாம். அந்தக் குரலைக் கேட்ட தலைவனுக்குத் தன் துணையின் நினைவு வராதோ என்பது தலைவியிடம் தோழியின் கேள்வி. சங்கப் பாடல்களிலேயே பல்லி நிமித்தமும் உண்டு. ஆயினும் இந்தப் புலவர் பலன் பார்க்கவில்லை, காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். நாம் நிமித்தத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, கேட்பதை எங்கோ தவறவிட்டோம்.

அடுத்த ஆண்டு வாய்ப்பு தானாக வந்தது. வகுப்பறையின் பழைய அலுமாரியை நகர்த்தியபோது, அதன் பின்பலகையில் இரண்டு முட்டைகள் ஒட்டியிருந்தன. முதல் நாள் மாலை அங்கே அவை இல்லை என்று துப்புரவு செய்த பிள்ளைகள் உறுதி கூறினர். இம்முறை ஒருவரும் தொடவில்லை. அலுமாரியை மெல்ல அதன் இடத்திலேயே நிறுத்தினோம். முட்டைகள் ஒட்டிக்கொண்டுவிட்டால் அவற்றைப் பெயர்க்காமல், மேலே காற்றுப் புகும் மூடி ஒன்றைப் பொருத்திவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். வளர்ந்த பல்லிகள் குஞ்சைத் தின்றுவிடுவதுண்டு என்பதே காரணம். தேயிலைத் தோட்டத்தில் அதற்கென்ன பஞ்சம்? பழைய கம்பிவலைத் தேயிலை வடிகட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்து, ஓரத்தைப் பலகையோடு ஒட்டினோம். பக்கத்தில் வெப்பமானி. சுவரில் நாட்காட்டி. ஒவ்வொரு காலையும் ஒருவர் உஷ்ணத்தைக் குறிப்பார், அவ்வளவுதான் வேலை.

வேலை இல்லாத வேலையைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளைகளும் நானும் அப்போது கற்றோம். மழைக்காலத்தில் எங்கள் மலையில் பகல் முழுதும் மூடுபனி. வெப்பமானி 23க்கு இறங்கிய நாட்களில், விளக்கை ஏற்றலாமா, துணியால் போர்த்தலாமா என்று கைகள் துடித்தன. "சும்மா இரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நெருப்புப்பெட்டி கொண்டுவந்த அதே பையன்தான் எல்லாரிலும் கண்டிப்பான காவலன். அலுமாரிக்கு மூன்றடி தூரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அதைத் தாண்டியவனின் பெயரைக் கரும்பலகையில் எழுதினான்.

63ஆம் நாள் காலையில் வடிகட்டிக்குள் ஒரு குஞ்சு இருந்தது. வாலோடு சேர்த்து ஒன்றரை அங்குலத்திற்குச் சற்று மேல். உடலெங்கும் ஒளி ஊடுருவியது. அதன் வாய்நுனியில் ஓட்டை உடைக்க இரட்டைப் பற்கள் இருந்திருக்கும். பல்லிக் குஞ்சுகள் அவற்றோடு பிறந்து, விரைவிலேயே அவற்றை உதிர்த்துவிடுகின்றன. மறுநாள் மற்றதும் வந்தது. வடிகட்டியை எடுத்தோம். இரண்டும் பலகையில் ஒரு கணம் நின்று, இருவேறு திசைகளில் ஓடி மறைந்தன. "வளக்கலையா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். "நம்ம வகுப்பிலேதானே இருக்கு" என்றான் காவலன்.

கதை இதோடு முடிந்திருந்தால் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

சில ஆண்டுகள் சென்றன. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். ஒருநாள் மாலை என் வீட்டு இஸ்தோப்பில் வந்து நின்றான். நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவன் லயத்துக்கு வந்தானாம். மேல்மலைக் காட்டோரத்தில் இருக்கும் கொம்புள்ள ஓணான், பாறையிடுக்குப் பல்லி எதுவானாலும் பிடித்துத் தந்தால் பணமாம். வயிற்றில் முட்டையோடு இருக்கும் பெட்டையானால் இரட்டிப்பாம். கடல் கடந்து போய் அங்கே முட்டையிட்டுப் பொரித்தால் பத்தாக விற்கலாமல்லவா? ஓர் உருப்படிக்கு அவன் சொன்ன தொகை, பையனின் தாயார் ஒரு மாதம் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தாலும் கைக்கு வராதது. கடைக்காரரிடம் அவர்களுக்குக் கடன் இருந்தது எனக்குத் தெரியும். எந்தப் பாறையில் எது இருக்கிறதென்று தோட்டத்திலே அந்தப் பையனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கண்ணைப் பழக்கியவன் நானல்லவா?

எங்கள் மலை சாதாரண மலையன்று. சிங்கராஜ வனத்தின் கிழக்கே, இரக்குவானைத் தொடரிலுள்ள மோர்னிங்சைட் பகுதியிலிருந்து இரண்டு புதிய ஓணான் இனங்களை 1998இல் ரோஹன் பெத்தியகொடவும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் உலகுக்கு அறிவித்தனர். அவை வேறெங்கும் இல்லாதவை. மாவட்டத்தின் மறுகோடியில், சிவனொளிபாத மலைக் காட்டிலிருந்து ஒரு பகற்பல்லி 2007இல் அறிவிக்கப்பட்டது. சமனல மலையின் பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடைத்த புதைபடிவங்களை ஆராய்ந்த பி. இ. பி. தெரணியகல, 1944இலேயே நாட்டின் ஒரு சிறு பல்லிக்குப் 'பொடிஹூனா' என்று பெயரிட்டார். 'சின்னப் பல்லி' என்னும் சிங்களச் சொல் அப்படியே விஞ்ஞானப் பெயராயிற்று.

அரியவை இருக்குமிடத்தில் ஆசையும் வந்து சேர்கிறது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட ஊர்வனவற்றை அனுமதியின்றிப் பிடிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் குற்றமாக்கியுள்ளன. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிபம் பற்றிய உடன்படிக்கை மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் கூடவிருந்தது. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடி, மோர்னிங்சைட் ஓணான்கள் இரண்டையும் வாணிபம் தடைசெய்யப்பட்ட முதற்பட்டியலில் சேர்த்தது.

வளர்ப்பதே குற்றம் என்று நான் கூறவில்லை. நியூ கலிடோனியாத் தீவில் 1866இல் விவரிக்கப்பட்டு, பின் அழிந்தே போயிற்றென்று கருதப்பட்ட ஒரு கொண்டைப் பல்லி, 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது உலகெங்கும் வீடுகளில் பல தலைமுறையாகப் பொரித்துப் பெருகி வாழ்கிறது. கூட்டில் பிறந்ததன் குஞ்சு கூட்டில் வளர்வது வேறு. ஒரு மலையுச்சிக்கு மட்டுமே உரிய முட்டைத்தாயைச் சாக்கில் கட்டி விமானமேற்றுவது வேறு. முந்தியது வளர்ப்பு. பிந்தியது கத்தியால் நெம்புவது.

இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் நான், கடனில் இருக்கும் பிள்ளையிடம் சட்டத்தை எப்படி எடுத்துரைப்பது? நாக்கு எழவில்லை. "நீ என்ன சொன்னாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"முடியாதுன்னு சொல்லிட்டேன் சேர். எடுத்தா திரும்ப ஒட்ட முடியாதே."

ஐந்தாம் வகுப்பில் ஊசிமுனையில் கண்ட அந்தக் கறுப்புக் கண்ணை அவன் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. அவன் சொல்லிவிட்டுப் போனான்; கடைக்கடன் அப்படியே இருந்தது. அதை அவன் குடும்பம் அடைக்க மேலும் ஓராண்டு பிடித்தது. நற்செயலுக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று நான் இங்கே எழுதினால் அது பொய்யாகும்.

அதனால்தான் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இரத்தினபுரியிலும், கேகாலைப் பக்கம் எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட இறப்பர்த் தோட்டங்களிலும் எத்தனையோ சிறு பாடசாலைகள் உள்ளன. ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் பல்லி உண்டு. ஒரு நாட்காட்டியும் ஒரு வெப்பமானியும் போதும். எந்த மாதம் முட்டை, எத்தனை நாள், என்ன உஷ்ணம் என்று பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். எங்கள் மலைகளின் உயிர்களுக்கு ஆராய்ச்சியாளர் வந்து பெயரிட்டுச் செல்கின்றனர். அவ்வுயிர்களோடு ஒரே கூரையின்கீழ் பல தலைமுறையாய் வாழும் மக்களின் குறிப்பேடு எங்கும் இல்லை. அந்தக் குறிப்பேட்டை எழுதும் பிள்ளை, நாளை காட்டிலாகாவிலோ பல்கலைக்கழகத்திலோ தன் அறிவுக்கு ஊதியம் கேட்கும் உரிமை பெறுவான். மோட்டார் சைக்கிள்காரன் தரும் பணம் அப்போது அவனுக்கு ஒரே வழியாக இராது.

பழைய லயங்கள் இடிக்கப்பட்டுத் தனிவீடுகள் எழ வேண்டும் என்பதே என் ஆசையும். ஏழு பேர் உறங்கும் அறையைப் பல்லிக்காகக் காப்பாற்றச் சொல்வது அறமாகாது. புதுச்சுவரிலும் பல்லி ஏறத்தான் செய்யும். அதற்கு ஒரு நிலையும் ஓர் இடுக்கும் போதும்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் விளக்கருகே ஒன்று சொல்கிறது. பழக்கத்தால் என் விரல் மேசையைத் தட்டப் போயிற்று. தட்டவில்லை. மறுசுவரிலிருந்து பதில் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.